நாற்பத்தோராம் கொக்கி

க்ரேயன்மார்க்ட். காக்கைச் சந்தை என்று பொருள்.
தத்தாரியர் கொளுத்திவிட்டுப் போன மறுநாள்
முதலில் திரும்பி வந்தவை
காக்கைகள்தாம்.

பிறகு மனிதர்கள் வந்தார்கள்.
கரியைக் கூட்டித் தள்ளிவிட்டு
வீட்டுக்கு முன்னால் மதிலைக் கட்டினார்கள்,
மூன்று குளிர்காலம்
பன்றிகளோடு ஒரே கூரையின்கீழ் உறங்கியபடி.

தோல் பதனிடுவோருக்கு ஒரு கோபுரம்.
கயிறு திரிப்போருக்கு ஒன்று.
தையற்காரர்கள் தங்களுடையதில்
பொத்தான் போல வட்ட ஜன்னல் வைத்தார்கள்.
ரொட்டி சுடுவோரிடம்
பாதிக் கோபுரத்துக்குத்தான் காசிருந்தது,
மீதியைக் கசாப்புக்காரர்கள் முடித்தார்கள்.
செங்கல் நிறம் மாறும் அந்தக் கோடு
இன்றைக்கும் தெரிகிறது,
தெருச்சண்டை போலக் கோணலாக.

பன்றிக்கொழுப்புக்கும் ஒரு கோபுரம்.
வீட்டுக்கொரு கொக்கி, கொக்கிக்கொரு எண்.
ஞாயிறு வழிபாடு முடிந்து மணியடித்தால்
கதவு திறக்கும்.
வாரத்துக்கு வேண்டியதை அறுத்துக்கொண்டு
மிச்சத்தின் ஓரத்தில்
வீட்டு முத்திரையைக் குத்த வேண்டும்.
முற்றுகை என்பது
ஞாயிறு வராத வாரம்.

துருக்கியர் பத்தொன்பது நாள் இருந்தார்கள்.
பதினேழாம் நாள்
நாற்பத்தோராம் கொக்கியில் விதவை ஓர்த்தியா
வெறுங்கயிற்றைப் பார்த்தாள்.
பதினெட்டாம் நாள்
நாற்பத்திரண்டாம் வீட்டார் துண்டம்
முதுகுப்பக்கம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.
முன்பக்கம் முத்திரை அப்படியே.
சாவிக்காரன் தும்மினான், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் மழை.
பீரங்கிச் சக்கரங்கள் புதைய
வந்தவர்கள் போய்விட்டார்கள்.
பாடப்புத்தகத்தில் அது வெற்றி.

வாயிலுக்கு வெளியே ருமேனிய இடையர்கள்.
பாலாடைக்கட்டி உள்ளே தங்கலாம்,
சுமந்து வந்தவன் தங்கக் கூடாது.
இருட்டுமுன் அவனை எண்ணி வெளியே விடுவது
காவலன் மெர்டன் ட்சுல்ட்னரின் வேலை.
எண்ணுவதில் பிழை செய்யாதவன்.
பனிப்புயலடித்த ஓர் இரவு
யாரோ கதவைத் தட்டியதையும் எண்ணினான்:
நாற்பது. அப்புறம் இல்லை.
விடிந்து திறந்தபோது
கதவோடு சாய்ந்து உள்ளே விழுந்தது
ஓர் ஆட்டுத்தோல் மேலங்கி,
அதற்குள் ஓர் ஆள்.
பதிவேட்டில் அன்றைய வரி:
"இரவு அமைதி. எவரும் நுழையவில்லை."

கொள்ளைநோய் மதில் ஏறவில்லை.
பட்டப்பகலில்
நரித்தோல் மூட்டைக்குள் உட்கார்ந்து
சுங்கம் நாலு தெனார் செலுத்தி
ரசீது வாங்கிக்கொண்டு வந்தது.
இலை உதிர்ந்து முடிவதற்குள்
அறுபது கொக்கிகளில் காற்று.
மேய்ச்சல் மலைக்கு ஓடியவர்களை
இடையர்கள் தடுத்து நிறுத்தினார்கள்.
அவர்களிடம் மதில் இல்லை.
நாய்கள் இருந்தன.

பிறகு கோபுரங்கள்
தானியக் கிடங்கு, சிறை,
கொஞ்ச காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
கயிறேறிப் பழகுமிடம்.
பிறகு தொண்ணூறாம் ஆண்டின் ஒரே கோடையில்
பெட்டிகளோடும் தையல் இயந்திரங்களோடும்
ஜெர்மனிக்குப் பேருந்து ஏறினார்கள்.
எவரும் துரத்தவில்லை.
எண்ணூறு ஆண்டு உள்ளேயிருந்து காத்த வாயிலை
வெளியேறும்போது ஒருவரும் சாத்தவில்லை,
கைகளில் சுமை.
கடைசியாகப் போன போதகர்
சாவிக் கொத்தை சாவேதா பக்குராரிடம் கொடுத்தார்,
ரசீது இல்லாமல்.
பக்குரார் என்றால் அவர்கள் பேச்சில்
இடையன்.

நாற்பத்தோராம் வீட்டில் இப்போது அவள் இருக்கிறாள்.
சமையலறையில் குளிர்பெட்டி முனகுகிறது.
ஆனாலும் டிசம்பரில் பன்றி அறுத்ததும்
தோளில் கொழுப்பைப் போட்டுக்கொண்டு
கோபுர ஏணி ஏறுகிறாள்,
நாற்பத்தொன்றில் மாட்டுகிறாள்.
ஏனென்று கேட்டேன்.
"அங்கே காற்று நல்லது."

முத்திரை?
"யாரிடமிருந்து?"
சிரித்துக்கொண்டே கத்தியைத் துடைத்தாள்.

இரவில் பெரிய கதவைச் சாத்துவதுண்டா என்றேன்.
துருப்பிடித்த கீல், அசையாது,
யாருக்கு வேண்டும் அது என்றாள்.

போகும்போது தொட்டுப் பார்த்தேன்.
விரலில் ஒட்டியது
புது எண்ணெய்.